சுவரேறியவரும் காத்திருந்தவரும்

அன்புள்ள ஐயா,

2024 டிசம்பரில் தென்கொரிய அதிபர் கொண்டுவந்த ராணுவச் சட்டம் ஒரே இரவில் தோற்றதை ‘மக்களின் வெற்றி’ என்று எழுதியிருந்தீர்கள். கொஞ்சம் கூடுதலாகவே சந்தோஷப்படுகிறீர்களோ? தேர்தலெல்லாம் ஒழுங்காக நடக்க, உள்ளுக்குள் ஜனநாயகம் கரையும் நாடுகளுக்கு இதனால் என்ன பயன்?

ச., திருச்சி

அன்புள்ள ச.,

கூடுதல்தான். போதாததற்கு ஒரு ஆளை வேறு விட்டுவிட்டேன்.

இரவு பத்தரை மணி வாக்கில் அதிபர் யூன் சுக் யோல் தொலைக்காட்சியில் ராணுவச் சட்டத்தை அறிவிக்கிறார். சபாநாயகர் வூ வோன் ஷிக், 67 வயது, நாடாளுமன்ற வேலியைத் தாண்டி உள்ளே போகிறார். உதவியாளர்கள் நாற்காலி மேசைகளை வழியில் அடுக்கி, தீயணைப்பானை உள்ளே நுழைய வந்த படையினர் மேல் பீய்ச்சுகிறார்கள். அவைக்குள் உறுப்பினர்கள் ‘சீக்கிரம் ஓட்டெடுங்கள்’ என்று கத்துகிறார்கள். மனிதர் அசையவில்லை. ராணுவச் சட்டத்தை விலக்கக் கோரும் தீர்மானம் முறைப்படி அவைக்கு வரட்டும், நடைமுறையில் பிழை கூடாது என்று காத்திருக்கிறார். ஒரு மணிக்கு 190 பேர் ஆதரவு, எதிர்ப்பு பூஜ்யம். அந்த 190 பேரில் 18 பேர் அதிபரின் சொந்தக் கட்சி.

சுவரேறியதைவிட அந்தக் காத்திருப்புதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அரசியல் சட்டத்தின் 77ஆம் பிரிவுப்படி, பெரும்பான்மை உறுப்பினர்கள் கேட்டால் அதிபர் ராணுவச் சட்டத்தை விலக்கியே தீரவேண்டும். அவசரத்தில் ஒரு பிழை விட்டிருந்தால் யூனின் வக்கீல்கள் அதில்தான் நுழைந்திருப்பார்கள். 2025 ஏப்ரல் 4 அன்று அரசியல் சட்ட நீதிமன்றத்தின் எட்டு நீதிபதிகளும் ஒருமனதாக அவரைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். முன்பு ராணுவச் சட்டம் இருந்த 1980 மே மாதம் படை நாடாளுமன்றத்தையே அடைத்துவிட்டது. குவாங்ஜூ நகரில் மக்களைச் சுட்டது. அந்த நினைவோடு வந்தவர்களும் அன்றிரவு வாசலில் இருந்தார்கள்.

உங்கள் கேள்வி ஹங்கேரியைப் பற்றியது என்று எடுத்துக்கொள்கிறேன். அங்கே நள்ளிரவு அறிவிப்பு எதுவும் இல்லை. 2010இல் விக்டர் ஓர்பானின் கட்சிக்குச் சுமார் 53 சதவீத வாக்கில் நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு இடம், பிறகு புது அரசியல் சட்டம், நீதிபதிகளின் ஓய்வு வயது 70லிருந்து 62. தவறு என்று ஐரோப்பிய நீதிமன்றம் சொல்வதற்குள் பல நாற்காலிகளில் வேறு ஆட்கள். ஓய்வு வயது மசோதாவுக்காக எவர் வேலி தாண்டுவார்?

அங்கெல்லாம் கொரியா உதவாது. போலந்து ஓரளவு உதவலாம். 2023 அக்டோபரில் 74 சதவீதம் பேர் வாக்களித்து ஆட்சியை மாற்றினார்கள். வ்ரொட்ஸ்வாஃப் நகரில் ஒரு சாவடியில் விடியற்காலை மூன்று மணி வரை வரிசை. குளிரில் நின்றவர்களுக்கு யாரோ பீட்சா கொண்டுவந்து கொடுத்தார்கள். ஆனால் முந்தைய ஆட்சி குலைத்துவிட்டுப் போன நீதித்துறையைச் சீர்செய்யும் மசோதாக்கள் அதன்பிறகும் அதிபர் மாளிகையில் முட்டி நின்றன.