லிபர்டேரியன்கள் யாருடைய ‘பி டீம்’? வாசகர் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்கத் தேர்தல் முறை பற்றி எழுத ஆரம்பித்ததிலிருந்து, லிபர்டேரியன் கட்சி குறித்துக் கேட்டுப் பலர் எழுதியிருக்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். சிலவற்றுக்கு இரண்டு வரி போதும். சிலவற்றுக்கு அது போதாது.

அமெரிக்காவில் இரண்டே கட்சிதான் என்று நினைத்திருந்தேன். லிபர்டேரியன்கள் இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்களா சார்? (தஞ்சாவூர் வாசகர்)

நடுவில் இல்லை. இடது, வலது என்று ஒரே கோடு போட்டுப் பார்த்தால் இவர்களுக்கு அதில் இடமே கிடைக்காது.

துப்பாக்கி உரிமை, வரிக் குறைப்பு, தொழில்கள் மேல் கட்டுப்பாட்டைத் தளர்த்துவது என்று பேச்சு வந்தால் குடியரசுக் கட்சிக்காரர் போலத் தெரிவார்கள். கஞ்சா, ஓரினத் திருமணம், போலீஸ் அத்துமீறல், வெளிநாட்டுப் போர் என்று வந்தால் ஜனநாயகக் கட்சிக்காரரைவிட இரண்டடி முன்னால் போவார்கள். பார்க்கிற நமக்குத்தான் குழப்பம், அவர்களுக்கு எல்லாம் ஒரே கணக்கு. ஒருவர் இன்னொருவர் மேல் கை வைக்காமல், ஏமாற்றாமல் இருக்கும்வரை அவருடைய சம்பாத்தியத்திலும் சொந்த வாழ்க்கையிலும் அரசுக்கு வேலை இல்லை என்கிறார்கள்.

கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரான டேவிட் நோலன் இதை ஒரு கட்டமாகவே வரைந்து காட்டினார். ஒரு பக்கம் பொருளாதாரச் சுதந்திரம், இன்னொரு பக்கம் தனிமனிதச் சுதந்திரம். வலதுசாரிக்கு முதலாவதில் மார்க் அதிகம், இடதுசாரிக்கு இரண்டாவதில் அதிகம், லிபர்டேரியனுக்கு இரண்டிலும் முழு மார்க். வினாத்தாளைத் தயாரித்தவரே முதல் மாணவராகவும் வருவதில் கொஞ்சம் சுயவிளம்பரம் இருக்கிறது என்பது என் எண்ணம். ஆனாலும் ஒற்றைக் கோட்டைவிட அந்தக் கட்டம் நிறையவே சொல்கிறது.

எவ்வளவு தூரம் போவார்கள் என்பதில் அவர்களுக்குள்ளேயே சண்டை. போலீஸ், நீதிமன்றம், ராணுவம் மட்டும் இருந்தால் போதும் என்பவர்கள் உண்டு. அதுவும் வேண்டாம் என்பவர்களும் உண்டு. 2016 மே மாதம் ஆர்லாண்டோ மாநாட்டில், கார் ஓட்ட அரசு லைசென்ஸ் தேவையா என்று ஒரு கேள்வி வந்தது. நியூ மெக்சிகோவின் முன்னாள் ஆளுநர் கேரி ஜான்சன், ஓட்டத் தெரியுமா என்று கொஞ்சம் பார்த்துத்தான் ஆகவேண்டும் என்றார். கூட்டம் கூச்சல் போட்டது. மறுநாள் அவரையே அதிபர் வேட்பாளராகவும் தேர்ந்தெடுத்தது.

என்ன சொன்னாலும் கடைசியில் இவர்கள் குடியரசுக் கட்சியின் ‘பி டீம்’தானே? (நியூ ஜெர்சி வாசகர்)

கட்சி பிறந்த கதையே இதற்கு நேர் எதிரானது. 1971 ஆகஸ்ட் 15 அன்று அதிபர் நிக்சன் நாடு முழுவதும் கூலிக்கும் விலைக்கும் உச்சவரம்பு விதித்தார். டாலருக்குப் பதிலாக மற்ற நாடுகளுக்குத் தங்கம் கொடுப்பதையும் நிறுத்தினார். நிக்சன் குடியரசுக் கட்சிக்காரர். அந்தக் கோபத்தில், அதே ஆண்டு டிசம்பரில், கொலராடோவில் லிபர்டேரியன் கட்சி உருவானது.

ஆனால் நீங்கள் சொல்வதில் உண்மை இல்லாமலும் இல்லை. வெளியே கட்சி வைத்து ஜெயிக்க முடியாது என்று கண்ட லிபர்டேரியன்கள், குடியரசுக் கட்சிக்குள் நுழைந்துதான் பதவிக்கு வந்தார்கள். டெக்சாஸின் ரான் பால் 1988ல் லிபர்டேரியன் வேட்பாளராக அதிபர் தேர்தலில் நின்று நாலு லட்சத்துச் சொச்சம் ஓட்டு வாங்கினார். அவரே 2008லும் 2012லும் குடியரசுக் கட்சி வேட்பாளர் ஆவதற்குப் போட்டியிட்டபோது இளைஞர் கூட்டம் திரண்டது. அவர் மகன் ரேண்ட் பால் செனட்டர். கென்டக்கியின் தாமஸ் மாஸியும் இந்த வரிசையில் வருபவர்தான்.

உள்ளே போனவர்கள் அங்கே எப்படி இருந்தார்கள் என்பதைப் பாருங்கள். அரசின் உளவு பார்க்கும் அதிகாரத்தைக் கூட்டி 2001ல் வந்த பேட்ரியட் சட்டத்தை பிரதிநிதிகள் சபையில் எதிர்த்த குடியரசுக் கட்சிக்காரர்கள் மூன்றே பேர், அதில் ஒருவர் ரான் பால். இராக் போருக்கு அனுமதி கேட்ட 2002 தீர்மானத்தை அங்கே எதிர்த்த குடியரசுக் கட்சிக்காரர்கள் ஆறு பேர், அதிலும் அவர் இருந்தார். மிச்சிகனின் ஜஸ்டின் அமாஷ் கட்சியோடு ஒத்துப்போகாமல் 2019 ஜூலை 4 அன்று, சுதந்திர தினமாகப் பார்த்து, வெளியேறினார். அடுத்த ஆண்டு லிபர்டேரியன் கட்சியில் சேர்ந்து, நாடாளுமன்றத்தில் அக்கட்சியின் முதல் உறுப்பினர் ஆனார். அடுத்த தேர்தலில் நிற்கவில்லை.

தேவைப்பட்டதை எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிடுவது இரண்டு பெரிய கட்சிகளுக்கும் பழக்கம். குடியரசுக் கட்சி வரிக் குறைப்பை எடுத்துக்கொண்டது, செலவுக் குறைப்பை விட்டுவிட்டது. எதிர்க்கட்சியாக இருக்கும்போது இரண்டு கட்சிகளுமே அரசின் அதிகாரத்தைப் பார்த்துப் பயப்படும். ஆட்சிக்கு வந்ததும் அந்தப் பயம் தெளிந்துவிடும்.

டிரம்ப் லிபர்டேரியனா? (ஈரோடு வாசகர்)

இல்லை. இறக்குமதி வரியை ஆயுதமாக்குபவரை எந்த லிபர்டேரியனும் தன் ஆள் என்று சொல்ல மாட்டார். 2024 மே மாதம் வாஷிங்டனில் நடந்த அவர்களுடைய மாநாட்டுக்கு டிரம்பே நேரில் போய் ஆதரவு கேட்டார். ஒரு பகுதியினர் கைதட்டினார்கள், ஏராளமானோர் கூச்சலிட்டார்கள். அவரும் விடவில்லை. ஜெயிக்க வேண்டாமென்றால் நாலு வருஷத்துக்கு ஒருமுறை மூன்று சதவீதம் வாங்கிக்கொண்டே இருங்கள் என்று குத்தினார். இணையத்தில் போதைச் சந்தை நடத்தியதற்காக ஆயுள் தண்டனை பெற்ற ராஸ் உல்பிரிக்டை விடுவிப்பதாக அங்கே வாக்குக் கொடுத்தார். பதவியேற்ற மறுநாள், 2025 ஜனவரி 21 அன்று, மன்னிப்பும் வழங்கினார். அதே ஆண்டு ஜூலையில் டிரம்பின் பெரிய வரி மசோதா வந்தபோது, கடன் ஏறும் என்று சொல்லி மாஸியும் ரேண்ட் பாலும் எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள்.

ஜனநாயகக் கட்சியோடு இவர்கள் சேரும் இடம் ஏதாவது உண்டா? (கோவை வாசகர்)

நிறையவே உண்டு, வெளியே பேசப்படுவதுதான் குறைவு. கஞ்சாவைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும் என்று எழுபதுகளிலேயே சொன்னவர்கள் இவர்கள். ஓரினத் திருமணத்தில் ஜனநாயகக் கட்சி பின்னால்தான் வந்தது. திருமணம் என்றால் ஆணும் பெண்ணும் மட்டுமே என்ற 1996 சட்டத்தில் கையெழுத்துப் போட்டவர் கிளின்டன். ஒபாமா வெளிப்படையாக ஆதரவு சொன்னது 2012ல்.

எனக்குப் பிடித்த உதாரணம் 2013 ஜூலை. பொதுமக்களின் தொலைபேசித் தகவல்களை மொத்தமாக அள்ளுகிறது என்று உளவு நிறுவனத்தின் குட்டு வெளிப்பட்ட நேரம். அதற்குப் பணம் கொடுக்கக் கூடாது என்று அப்போது குடியரசுக் கட்சியில் இருந்த அமாஷும், ஜனநாயகக் கட்சியின் மூத்த உறுப்பினர் ஜான் கான்யர்ஸும் சேர்ந்து திருத்தம் கொண்டுவந்தார்கள். ஒபாமா அரசு எதிர்த்தது, குடியரசுக் கட்சித் தலைமை எதிர்த்தது, ஜனநாயகக் கட்சியின் நான்சி பெலோசியும் எதிர்த்தார். 205க்கு 217 என்று திருத்தம் தோற்றது. ஆதரித்தவர்களில் 94 பேர் குடியரசுக் கட்சி, 111 பேர் ஜனநாயகக் கட்சி. அமெரிக்க அரசியலில் உண்மையான பிளவு எப்போதும் கட்சிக்கும் கட்சிக்கும் இடையில் இல்லை, சில சமயம் தலைமைக்கும் பின்வரிசைக்கும் இடையில் இருக்கிறது என்பதை அந்த ஓட்டுக்கணக்கில் பார்க்கலாம்.

எங்கள் பக்கத்து டீக்கடைகளில் இரட்டைக் குவளை இருந்தது. ‘என் கடை, என் இஷ்டம்’ என்று கடைக்காரர் சொன்னால் லிபர்டேரியன் என்ன சொல்வார்? (மதுரை வாசகர்)

இந்தத் தத்துவத்தின் மென்னியைப் பிடிக்கிற கேள்வி இது. அமெரிக்காவில் இது 1964லேயே வந்துவிட்டது.

ஓட்டல், தியேட்டர் போன்ற இடங்களில் இனப் பாகுபாடு கூடாது என்று அந்த ஆண்டு வந்த சிவில் உரிமைச் சட்டம் சொன்னது. லிபர்டேரியன்கள் மதிக்கும் குடியரசுக் கட்சி செனட்டர் பாரி கோல்ட்வாட்டர், 1957லும் 1960லும் வந்த முந்தைய சட்டங்களை ஆதரித்தவர், இதை எதிர்த்து ஓட்டுப் போட்டார். தனியார் தொழிலில் யாருக்கு விற்பது என்று சொல்ல மத்திய அரசுக்கு அரசியல் சட்டம் அதிகாரம் தரவில்லை என்பது அவர் வாதம். அந்த ஆண்டு அதிபர் தேர்தலில் அவர் ஜெயித்தது ஆறே மாநிலங்களில். சொந்த மாநிலம் அரிசோனாவைத் தவிர மற்ற ஐந்தும் நிறவெறி வேரூன்றிய தென் மாநிலங்கள். தன்னுடைய தத்துவத்தை யார் கொண்டாடுகிறார்கள் என்பதை அவர் அப்போதே பார்த்திருக்க வேண்டும். 2010ல் ரேண்ட் பாலும் இதே கேள்வியில் மாட்டினார். ஒரு நாள் தயங்கிப் பேசிவிட்டு, மறுநாள் அந்தச் சட்டத்துக்கு ஆதரவாகவே ஓட்டுப் போட்டிருப்பேன் என்றார்.

லிபர்டேரியன்கள் தரும் பதிலில் சரக்கு இருக்கிறது. தென் மாநிலங்களில் இனப் பிரிவினை வெறும் வியாபாரிகளின் விருப்பம் இல்லை, அது சட்டம். லூசியானா 1890ல் ரயிலில் தனிப் பெட்டி வைக்கச் சட்டம் போட்டபோது, கூடுதல் பெட்டிக்குச் செலவு என்பதால் அதை எதிர்த்து வழக்காடியவர்களோடு ரயில் கம்பெனியே ஒத்துழைத்தது. ஆறு ஆண்டுகள் கழித்து உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது. பிரித்து வைக்கக் கட்டாயப்படுத்தியதே அரசுதான், அதை விலக்கினால் காசுக்காகவாவது கடைகள் திறக்கும் என்கிறார்கள்.

எனக்கு இது பாதிப் பதிலாகத்தான் படுகிறது. 1960 பிப்ரவரி 1 அன்று கிரீன்ஸ்பரோவில் வூல்வொர்த் கடையின் சாப்பாட்டு மேசையில் நான்கு கறுப்பின மாணவர்கள் உட்கார்ந்தார்கள். அவர்களுக்குப் பரிமாற மறுத்தது கடையின் வழக்கம். அதே கடையில் மற்ற சாமான்களை அவர்களுக்கு விற்க யாருக்கும் தயக்கம் இல்லை. ஊரே கூடி ஒதுக்கும்போது சந்தை தானாகச் சரிசெய்யும் என்று காத்திருப்பவர் ஒதுக்கப்பட்டவராக இருக்க மாட்டார். இன்றைக்கு லிபர்டேரியன்களிலும் பலர் 1964 சட்டத்தை விதிவிலக்காக ஏற்கிறார்கள். தத்துவத்தில் அது ஓட்டைதான், ஆனால் நல்ல ஓட்டை.

முதியோர் ஓய்வூதியம், மருத்துவ உதவி எல்லாவற்றையும் எடுத்துவிடுவார்களா? மகள் வீட்டில் டல்லாஸில் இருக்கிறேன், அதனால் கேட்கிறேன்.

எடுத்துவிட முடியாதம்மா, ஓட்டு விழாது. 1935ல் வந்த சோஷியல் செக்யூரிட்டியைப் படிப்படியாகத் தனியார் சேமிப்பாக்க வேண்டும் என்பது கட்சியின் நிலை. புஷ் 2005ல் அதில் ஒரு சிறு பகுதியை மட்டும் தனியார் கணக்காக்கப் பார்த்தார். அவர் கட்சியே பின்வாங்கியது, திட்டம் ஓட்டெடுப்புக்குக்கூட வரவில்லை. பொருளாதார நிபுணர் மில்டன் ஃபிரீட்மன் போன்றவர்கள் ஏழைகளுக்கான உதவியை முழுக்க ஒழிக்கச் சொல்லவில்லை. பத்து இலாகா வழியாகப் போகும் உதவிகளுக்குப் பதிலாக ஏழைக்கு நேரடியாகப் பணமாகக் கொடுங்கள் என்றார்கள்.

பையன் பல வருடங்களாக கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறான். எங்களுக்கு யார் நல்லவர்கள்? (திருச்சி வாசகர்)

கொள்கையளவில் லிபர்டேரியன்கள்தான். வேலை கொடுப்பவரும் வேலை செய்பவரும் சம்மதித்த பிறகு, பிறந்த நாட்டைப் பார்த்து, ஒரு நாட்டுக்கு கிரீன் கார்டில் ஏழு சதவீதத்துக்கு மேல் கிடையாது என்று அரசு சொல்வது அவர்களுக்கு அபத்தம். இந்தியாவுக்கும் ஐஸ்லாந்துக்கும் ஒரே உச்சவரம்பு என்பதை வேறு எப்படிச் சொல்வது?

ஆனால் இங்கேயும் பிளவு உண்டு. நலத்திட்டங்கள் நிறைந்த நாட்டில் எல்லையைத் திறந்து வைக்க முடியாது என்று ஃபிரீட்மனே சொன்னார். 2022ல் ரீனோ மாநாட்டில் கட்சியைக் கைப்பற்றிய ‘மீசஸ்’ என்ற உட்கட்சி அணியில் குடியேற்றத்தைச் சந்தேகத்தோடு பார்ப்பவர்கள் பலர். எப்படியும் மசோதாவை நிறைவேற்றும் எண்ணிக்கை அவர்களிடம் இல்லை. பையனை வக்கீலோடு தொடர்பில் இருக்கச் சொல்லுங்கள்.

ஜெயிக்கவே போவதில்லை என்றால் அவர்களுக்கு ஓட்டுப் போடுவது நோட்டா மாதிரிதானே? (சென்னை வாசகர்)

நோட்டாவால் முடிவு மாறாது, இவர்களால் மாறும். அதிகபட்சம் 2016ல் கேரி ஜான்சன் வாங்கிய 45 லட்சம் ஓட்டு, சுமார் 3.3 சதவீதம். ஒரு மாநிலம்கூட இல்லை. அதிக ஓட்டு வாங்கியவருக்கே மாநிலம் முழுதும் போகும் முறை ஒரு தடை. கருத்துக்கணிப்பில் 15 சதவீதம் இல்லாவிட்டால் விவாத மேடையில் இடமில்லை என்ற விதி இன்னொன்று.

ஆனால் 2020 ஜார்ஜியாவைப் பாருங்கள். அங்கே பாதிக்கு மேல் வாங்கினால்தான் செனட்டர் ஆகலாம். குடியரசுக் கட்சியின் டேவிட் பெர்டூ 49.7 சதவீதத்தில் நின்றுவிட்டார். லிபர்டேரியன் வேட்பாளர் 2.3 சதவீதம் எடுத்திருந்தார். மறுதேர்தல் வந்தது, 2021 ஜனவரியில் ஜான் ஆசாஃப் ஜெயித்தார். செனட் 50க்கு 50 ஆகி, அப்போதைய துணை அதிபர் கமலா ஹாரிஸின் ஓட்டால் ஜனநாயகக் கட்சியின் கைக்குப் போனது. அந்த 2.3 சதவீதத்தினர் வேறு யாருக்குப் போட்டிருப்பார்கள், வீட்டிலேயே இருந்திருப்பார்களா என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. குடியரசுக் கட்சிக்காரர்கள் மட்டும் அடித்துச் சொல்கிறார்கள். ‘பி டீம்’ என்று கேட்ட நியூ ஜெர்சி வாசகருக்கும் இது சேரும்.

ராஜாஜியின் சுதந்திரா கட்சி இதே கொள்கைதானே? (சேலம் வாசகர்)

பொருளாதாரத்தில் கிட்டத்தட்ட. 1959ல் தொடங்கி பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யத்தை எதிர்த்த கட்சி அது, 1967ல் மக்களவையில் 44 இடம் பிடித்தது. ஆனால் 1937ல் உங்கள் சேலத்தில்தான் ராஜாஜி மதுவிலக்கைக் கொண்டுவந்தார். குடிப்பதா வேண்டாமா என்பதை அரசு முடிவு செய்யலாம் என்பவரை நோலனின் கட்டத்தில் வலதுசாரி மூலையில்தான் வைக்க வேண்டும்.

எங்காவது இவர்கள் சொல்கிறபடி ஆட்சி நடக்கிறதா? (பெங்களூர் வாசகர்)

முழுக்க எங்கேயும் இல்லை. கொஞ்சம் நெருக்கமாக வருவது நியூ ஹாம்ப்ஷயர். லிபர்டேரியன்கள் ஒரே சிறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்து அங்கே அரசியலை மாற்றுவது என்று 2001ல் ஒரு திட்டம் போட்டு, 2003ல் அந்த மாநிலத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். குடிபெயர்வோம் என்று 20,000 பேர் உறுதி தந்தது 2016ல். வருமான வரி இல்லை, பொது விற்பனை வரி இல்லை, பெரியவர்கள் சீட் பெல்ட் போட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அங்கே கீழ்ச்சபையில் 400 உறுப்பினர்கள், சம்பளம் ஆண்டுக்கு நூறு டாலர். அப்படிக் குடியேறியவர்கள் சிலர் அந்தச் சபைக்குத் தேர்வாகியிருக்கிறார்கள், பெரும்பாலும் குடியரசுக் கட்சிச் சீட்டில்தான்.

இந்த வரி ஏதும் இல்லாததால் சொத்து வரி நாட்டிலேயே மிக அதிகமானவற்றில் ஒன்று. அப்புறம், மதுக்கடைகளை நடத்துவது மாநில அரசு. டாஸ்மாக் போலத்தான், ஆனால் நெடுஞ்சாலை ஓரத்தில் பெரிய பெரிய கடைகளாக, பக்கத்து மாசசூசெட்ஸ்காரர்கள் வரி மிச்சம் பிடிக்கக் காரில் வந்து வாங்கிப்போவார்கள். அந்த வருமானத்தை விடச் சொன்னால் எந்தக் கட்சியும் கேட்பதாக இல்லை.