விரல் வைக்கிறேன், திறக்க மாட்டேன் என்கிறது

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்தான்: போனில் கைரேகை வேலை செய்யவில்லை. கடிதங்களைச் சுருக்கிப் போட்டிருக்கிறேன். “தங்கள் பகுதியைத் தவறாமல் படிக்கும் வாசகன்” என்று தொடங்கும் முதல் பத்தியை எல்லாவற்றிலும் வெட்டிவிட்டேன். கோபிக்க வேண்டாம்.

கேள்வி: அம்மா காசிமேட்டில் மீன் வெட்டிக் கொடுக்கிறார். என் முதல் சம்பளத்தில் 13,500 ரூபாய்க்கு அவருக்கு ஒரு போன் வாங்கினேன். பக்கவாட்டு பட்டனில் கைரேகை. என் விரலுக்கு உடனே திறக்கிறது. அம்மா பத்து முறை வைத்தால் ஒரு முறைதான் திறக்கிறது. கடையில் கேட்டால், “உங்கம்மா கையில ரேகையே இல்லம்மா” என்று எல்லோர் முன்னாலும் சிரித்தார்கள். மாற்றித் தருவார்களா?
– ஒரு வாசகி, காசிமேடு

பதில்: சிரித்தவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அழைத்துப்போய் ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டு நான்கு வஞ்சிரம் வெட்டச் சொல்லுங்கள். அப்புறம் அவர் விரலுக்கு அவர் போன் திறக்கிறதா பார்ப்போம்.

ஐஸ், உப்புத் தண்ணீர், செதில், கத்திப்பிடி எல்லாம் சேர்ந்து ரேகையைத் தேய்த்துவிடும். சிமென்டில் கை வைக்கும் கொத்தனாருக்கும், நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அக்காவுக்கும் இதே கதைதான். சில புற்றுநோய் மருந்துகளும் ரேகையை அழித்துவிடும். ரேஷன் கடையில் விரல் பதியாமல் திரும்பத் திரும்ப வைக்கச் சொல்கிறார்களே, அதுவும் இதே சங்கடம்தான்.

உங்கள் போனின் பட்டனில் இருக்கும் சென்சார், விரலின் மேடு பள்ளங்களுக்கு இடையே உள்ள நுண்ணிய மின் வேறுபாட்டை அளந்து ரேகையைப் படிக்கிறது. மேடு தேய்ந்திருந்தாலோ தோல் ஈரமாக இருந்தாலோ அதற்கு எல்லாம் சமதளமாகத் தெரியும். உங்கள் விரலுக்குத் திறப்பதால் போனில் பழுது இல்லை. மாற்றிக் கேட்க வழியில்லை, மன்னிக்கவும்.

ஆனால் இன்னும் முயன்று பார்க்கலாம். அம்மாவுக்கு வேலை இல்லாத நாளில், கை கழுவித் துடைத்து அரை மணி நேரம் கழித்துப் பதியுங்கள். கட்டைவிரல்தான் வேண்டும் என்றில்லை. கத்தியும் மீனும் எந்த விரலில் குறைவாகப் படுகிறதோ அதை எடுங்கள். அதே விரலை இரண்டு தடவை, இரண்டு தனி விரல்கள் போலப் பதியுங்கள். பல போன்களில் நான்கு விரலுக்காவது இடம் இருக்கும். இது பலருக்குக் கை கொடுத்திருக்கிறது. அப்படியும் திறக்காவிட்டால் ஆறு இலக்க பின் நம்பர் போட்டுக் கொடுங்கள். அம்மாவுக்கு மனப்பாடமாக இருக்கும் நம்பர் வேண்டும், ஆனால் பிறந்த தேதி வேண்டாம்.

கேள்வி: 15,000 ரூபாய்க்குள் போன் வாங்கப் போகிறேன். கண்ணாடிக்கு அடியில் கைரேகை உள்ளதா, சைடு பட்டனில் உள்ளதா, எது நல்லது?
– ஒரு வாசகர், பெரம்பூர்

பதில்: சைடு பட்டன்.

கேள்வி: போன் மாடிப்படியில் விழுந்து டிஸ்ப்ளே போய்விட்டது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் 9,000 ரூபாய் சொன்னார்கள். பக்கத்துத் தெருக் கடையில் “ஒரிஜினல் காம்போ” என்று 2,800 ரூபாய்க்கு மாற்றிக்கொண்டேன். அன்றிலிருந்து கண்ணாடிக்கு அடியில் இருந்த கைரேகை வேலை செய்யவில்லை. “அப்டேட் வந்தா சரியாயிடும்ணா” என்கிறார் கடைக்காரத் தம்பி. மூன்று மாதம் ஆகிவிட்டது. இன்னும் காத்திருக்கலாமா?
– ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: எத்தனை அப்டேட் வந்தாலும் சரியாகாது. உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். எப்படி என்று சொல்கிறேன்.

கண்ணாடிக்கு அடியில் கைரேகை வைத்த போன்களில் பெரும்பாலானவை வெளிச்சத்தை வைத்துப் படிப்பவை. நீங்கள் விரல் வைத்ததும் அந்த இடத்தில் திரை பளிச்சென்று எரியும். அந்த ஒளி விரலில் பட்டுத் திரும்பி, திரையின் புள்ளிகளுக்கு நடுவே புகுந்து, அடியில் இருக்கும் சின்ன கேமராவை அடையும். அமோலெட் திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், பின்னால் தனி விளக்கு கிடையாது. அதனால்தான் ஒளி புகுந்து போக முடிகிறது. எல்சிடி திரை அப்படியல்ல. அதன் முதுகில் விளக்குத் தகடும், ஒளியை முன்பக்கம் திருப்பும் தாள்களும் இருக்கும். உங்கள் போனில் இருந்த அமோலெட்டை எடுத்துவிட்டு மலிவு எல்சிடி காம்போ ஒன்றை மாட்டியிருக்கிறார்கள் என்றுதான் நினைக்கிறேன். சென்சார் உயிரோடுதான் இருக்கும். அதன் தலைக்கு மேல் சுவர் எழுப்பிவிட்டார்கள்.

சோதிக்க ஒரு வழி: முழுக்கக் கறுப்பான படம் ஒன்றைத் திரை முழுவதும் வைத்து, விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். அமோலெட் என்றால் திரை இருட்டோடு இருட்டாகிவிடும். எல்சிடி என்றால் சாம்பல் நிறத்தில் மங்கலாக எரிந்துகொண்டிருக்கும். நல்ல டிஸ்ப்ளே மாட்டினாலும் சில போன்களில் சென்சாரைத் திரும்ப அளவுப்படுத்த வேண்டும். கூகுள் தன் பிக்ஸல் போன்களுக்கு இதற்கென்றே ஒரு கருவியை இணையத்தில் வைத்திருக்கிறது. ஆனால் எல்சிடி மாட்டிய போனுக்கு எந்தக் கருவியும் உதவாது.

எல்சிடி மாட்டுவது குற்றமில்லை. “அண்ணா, இது காப்பி, பிங்கர் போயிடும், 2,800 ஆகும்” என்று சொல்லிவிட்டு மாட்டும் நேர்மையான பையன்கள் நம் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள். காப்பியை ஒரிஜினல் என்று சொல்லி மாட்டுவதுதான் மோசடி.

சரி, பில் எங்கே? உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டேன். எங்கும் பில் என்ற சொல்லே இல்லை.

இது என் பழைய ஆற்றாமை, பொறுத்துக்கொள்ளுங்கள். எம்.சி. ரோட்டில் எடுத்த பட்டுப்புடவையின் பில்லைப் பத்து வருடம் பீரோவில் வைத்திருப்போம். போன் ரிப்பேருக்குப் பில் கேட்கக் கூச்சப்படுவோம். “பில்லு வேணும்னா ஜிஎஸ்டி சேரும்” என்று கடைக்காரர் சொன்னதும், என்னவோ நமக்குச் சலுகை தந்ததுபோல “வேணாம் தம்பி” என்று வந்துவிடுவோம். அங்கே மிச்சம் பிடித்தது சில நூறு ரூபாய். விட்டுக்கொடுத்தது, பின்னால் “நான் மாட்டவே இல்லையே” என்று அவர் சொல்லும்போது எடுத்து நீட்டவேண்டிய ஒரே காகிதம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராமல் இருப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை. பழுதான பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதும் அப்படித்தான். பில்லில் கெடு போட்டிருந்தால் அந்தக் கெடு, போடாவிட்டால் 30 நாள். “விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது” என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்திவிட்டால் சட்டம் அழிந்துவிடாது. பில்லில் “டிஸ்ப்ளே – 2,800” என்று மட்டும் எழுதினால் போதாது. “அமோலெட், கைரேகை வேலை செய்யும், இத்தனை மாத வாரண்டி” என்று எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்குகிறார் என்றால் அந்தத் தயக்கத்திலேயே விவரம் தெரிந்துவிடும்.

உங்களுக்கு இப்போது என்ன வழி? பணத்தைப் போன் வழியாகக் கட்டியிருந்தால் அந்தப் பதிவே சாட்சி. கடைக்காரருக்கு வாட்ஸப்பில் தேதி, தொகை, அவர் சொன்ன வார்த்தை எல்லாம் போட்டுப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். அவர் அனுப்பும் பதில் ஒவ்வொன்றையும் பத்திரப்படுத்துங்கள். மசியவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியாவிட்டால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம் அவகாசம் உண்டு. 2,800 ரூபாய்க்கு இவ்வளவு அலைச்சலா என்று கேட்பீர்கள். அந்தக் கணக்கைத்தான் அவரும் போட்டு வைத்திருக்கிறார்.

கேள்வி: நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறேன். என் ஆறாம் வகுப்புப் பையன், தூங்கும் என் விரலை எடுத்து வைத்து கேமுக்குள் 1,900 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறான். இதை கைரேகையின் குறையாகச் சொல்லி வழக்குப் போடலாமா?
– ஒரு தொழிலாளி, எண்ணூர்

பதில்: முடியாது. கைரேகை சரியாக வேலை செய்திருக்கிறது. வாங்கி 48 மணி நேரம் ஆகவில்லை என்றால் கூகுள் பிளேயிலேயே பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். இனி வாங்குவதற்கு விரலை எடுத்துவிட்டு பாஸ்வேர்டு வையுங்கள்.

கேள்வி: 99 ரூபாய்க்கு டெம்பர் கிளாஸ் ஒட்டினேன். முதலில் விரல் எடுக்கவில்லை. கிளாஸோடு புதிதாகப் பதிந்தேன். இப்போது என் விரலுக்கும் திறக்கிறது, தம்பி விரலுக்கும் திறக்கிறது. அண்ணன் தம்பி ரேகை ஒன்றுபோல இருக்குமா?
– ஒரு மாணவர், மின்ட் தெரு

பதில்: இருக்காது. இரட்டைப் பிள்ளைகளுக்கே ரேகை வேறுதான். குற்றவாளி அந்த 99 ரூபாய்.

2019-இல் சாம்சங் கேலக்ஸி எஸ்10 போனில் இதே கூத்து நடந்தது. இங்கிலாந்தில் ஒரு பெண் திரையை மூடும் மலிவான உறை ஒன்றை மாட்டினார். அதன்பின் பதியாத விரலுக்கும், அவர் கணவர் விரலுக்கும் போன் திறந்தது. சிலிகோன் உறையின் உள்பக்க வடிவத்தையே ரேகை என்று சென்சார் எடுத்துக்கொண்டது. எந்த விரலை வைத்தாலும் உறை மாறவில்லை அல்லவா? சில வங்கிகள் அந்த போனில் தங்கள் ஆப்பையே நிறுத்தி வைத்தன. சாம்சங் குறையை ஒப்புக்கொண்டு மென்பொருளைத் திருத்தியது.

இன்றைக்கே கிளாஸைக் கழற்றுங்கள். பதிந்த விரல்களை எல்லாம் அழித்துவிட்டு, வெறும் திரையில் புதிதாகப் பதியுங்கள். போன் அப்டேட் பாக்கி இருந்தால் போடுங்கள். அப்புறம் தம்பியைக் கூப்பிட்டு ஐந்து விரலையும் வைக்கச் சொல்லுங்கள். அதுவரை அந்த போனில் பணம் அனுப்பும் ஆப்களைக் கைரேகையால் திறக்காதீர்கள். மறுபடி கிளாஸ் ஒட்டுவதாக இருந்தால், உங்கள் மாடலுக்கு என்று போன் கம்பெனியே பரிந்துரைப்பதாகப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: பீச் ஸ்டேஷன் பக்கம் பைக்கில் வந்த ஒருவரிடம் 40,000 ரூபாய் போனை 9,000-க்கு வாங்கினேன். அவசரமாகப் பணம் வேண்டும் என்றார். பில், பாக்ஸ் இல்லை. கைரேகை வேலை செய்யவில்லை. நம்பரும் எடுக்க மாட்டேன் என்கிறார். எங்கே புகார் செய்வது?
– ஒரு வாசகர், வியாசர்பாடி

பதில்: கைரேகையா இப்போது உங்கள் கவலை? அந்த போன் யார் பையிலிருந்து போனது என்று கவலைப்படுங்கள். *#06# அழுத்தினால் வரும் 15 இலக்க எண்ணை, முன்னால் ‘கேஒய்எம்’ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளையும் ஓர் இடைவெளியையும் போட்டு 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். முடக்கப்பட்ட போன் என்று பதில் வந்தால் நேராகக் காவல் நிலையம் போய் ஒப்படையுங்கள். இந்த எஸ்எம்எஸ்ஸை 9,000 ரூபாய் கொடுப்பதற்கு முன்னால் அனுப்பியிருக்கலாம். நானும் ஒரு காலத்தில் பிரபல பிராண்டு என்று வாங்கி வந்து, வீட்டில் வைத்துப் பார்த்தபோது பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தவன்தான். ஆனால் அன்றைக்குச் சோதிக்க எஸ்எம்எஸ் வசதி கிடையாது.

கேள்வி: கைரேகை நன்றாகத்தான் வேலை செய்கிறது. ஆனால் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை பின் நம்பர் கேட்கிறது. சென்சார் மாற்ற வேண்டும், 1,500 ஆகும் என்கிறார்கள்.
– ஓய்வுபெற்ற ஆசிரியை, திருவொற்றியூர்

பதில்: ஒரு பைசா கொடுக்காதீர்கள் அம்மா. ஆண்ட்ராய்டு போன் 72 மணி நேரத்துக்கு ஒரு முறையாவது பின் நம்பர் கேட்கும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது. அணைத்துப் போட்டாலும் கேட்கும், விரல் பலமுறை தவறினாலும் கேட்கும். நீங்கள் பின்னை மறந்துவிடக் கூடாது என்பதும் ஒரு காரணம். அந்தக் கடைக்கு இனி சார்ஜர் வாங்கக்கூடப் போகாதீர்கள்.

கேள்வி: மொட்டை மாடி அறைக்குக் கைரேகைப் பூட்டு வாங்கலாமா? இணையத்தில் 2,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது.
– ஒரு வாசகர், கொருக்குப்பேட்டை

பதில்: நான் வாங்கினேன். 2,200 ரூபாய். சாவியே கிடையாது என்பதுதான் விளம்பரமே. ராயபுரத்துக் கடல் காற்றில் நாலு மாதம் தாங்கியது. அப்புறம் சென்சாரில் பூத்தாற்போல ஏதோ படர்ந்தது. தினமும் வேட்டி முனையால் துடைத்துத் துடைத்துத் திறந்தேன். ஒரு டிசம்பர் மழையில், ராத்திரி பதினோரு மணிக்கு, காய்ந்த துணியெல்லாம் உள்ளே இருக்க, பூட்டு என் விரலை யாரென்றே தெரியாது என்றது. சார்ஜ் தீர்ந்திருக்கும் என்று பவர் பேங்க் கொண்டுவந்தால், ஒயர் சொருகும் ஓட்டை துருப்பிடித்துக் கிடந்தது. என் மனைவி பூட்டைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் வெல்டிங் கடைப் பையன் கட்டிங் மிஷினோடு வந்தான். 300 ரூபாய். அறுக்க அவனுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நல்ல நாளிலேயே அது என் விரலுக்குத் திறக்க அதைவிட அதிக நேரம் எடுக்கும்.