மூட்டம் போட்ட வாழைத்தாரும் பயிர் ஹார்மோனும்: கேள்வி பதில்

களக்காட்டிலிருந்து: அண்ணாச்சி, மூட்டம் போட்டால் தார் பழுக்கிறது சூட்டாலா, புகையாலா?

சூடு உதவும், ஆனால் முக்கியமான ஆள் புகையில் இருக்கும் எத்திலீன் வாயு, அது ஒரு பயிர் ஹார்மோன். காயின் செல்களில் அதைப் பிடிக்கும் ஏற்பிகள் இருக்கின்றன. வாயு வந்து ஒட்டியதும் அவை வேலையைத் தொடங்கும் என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். நடப்பது நேர்மாறு. வாயு இல்லாதபோதுதான் அவை ஓயாமல் ‘பழுக்காதே’ என்று மறித்துக்கொண்டிருக்கும். எத்திலீன் ஒட்டினால் ஏற்பிகளின் வாய் அடைத்துவிடும், காய் பழுக்கத் தொடங்கும். அப்புறம் காயே எத்திலீனை விட ஆரம்பிக்கும். அதனால்தான் சருகைப் போட்டு மூடிய தாரில் ஒரு சீப்பு மஞ்சளானால் அடுத்ததும் பின்னாலேயே வருகிறது.

அதே ஊரிலிருந்து: அப்போ கார்பைடு கல்?

அதில் வருவது அசிட்டிலீன். எத்திலீன் போல வேலை செய்யும், வீரியம் குறைவு. கல்லில் ஆர்சனிக் கலந்திருக்கலாம், சட்டப்படியும் தடை. வேண்டாம்.

அம்பாசமுத்திரத்திலிருந்து: பிசானப் பருவ நெல் நாற்றங்காலில் நாலைந்து நாற்று மட்டும் வெளிறிப்போய் ஒல்லியாக உயர்ந்து நிற்கிறது. நல்ல வீரியமா?

இல்லை, பூஞ்சை நோய். பிடுங்கி எரித்துவிடுங்கள், அடுத்த முறை விதை நேர்த்தி செய்யுங்கள். 1926-ல் குரோசாவா என்ற ஜப்பானியர், இந்தப் பூஞ்சை விடும் ஏதோ ஒரு பொருள்தான் நாற்றை நீட்டுகிறது என்று காட்டினார். அதுதான் ஜிப்ரெலின் என்ற ஹார்மோன். நெல்லில் டெல்லா வகைப் புரதம் வளர்ச்சியைப் பிடித்து வைத்திருக்கும். ஜிப்ரெலினைப் பிடித்த ஏற்பி அந்தப் புரதத்தோடு சேர்ந்து, அதைச் செல்லே அழிக்கும்படி செய்துவிடும். கட்டு அறுந்த கன்று போல நாற்று நீளும். ஐ.ஆர்.8 நெல் ரகம் குட்டையாக நிற்பதும் இதே ஹார்மோன் குறைவாகச் சுரப்பதால்தான்.

பாளையங்கோட்டையிலிருந்து: தண்ணீர் குறைந்தது இலைக்கு எப்படித் தெரியும்?

அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் கூடும். அதைப் பிடித்த ஏற்பி, இலைத்துளையை மூடவிடாமல் தடுக்கும் நொதியை அமுக்கிவிடும். துளை மூடிக்கொள்ளும். பாருங்கள், இங்கும் தடையைத் தடுப்பதுதான் வேலை.

வள்ளியூரிலிருந்து: இளநீரில் ஹார்மோன் உண்டாமே, அதுவும் இப்படித்தானா?

உண்டு, சைட்டோகைனின். ஆனால் அது வேறு வழி. ஒட்டியதும் ஏற்பி விழித்து, ஒரு பாஸ்பேட்டைக் கைமாற்றிக் கைமாற்றி செல்லின் உட்கரு வரை அனுப்பும். திசு வளர்ப்பு வாழைக்கன்று வாங்குகிறீர்களே, குப்பியில் அது பக்கத்தில் பக்கத்தில் முளைவிடுவது இந்த வகை ஹார்மோன் போட்டுத்தான்.