நண்பர் பல்கலைக்கழகப் படிப்பை இடையில் விடும்போது: கேள்வி பதில்

கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் படிப்பவர்கள் தங்கள் நண்பர்களைப் பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு, மாணவர் ஆலோசனைப் பணியில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் விடை எழுதுகிறேன்.

ஐயா, மூதூரைச் சேர்ந்த என் நண்பன் ஒரு மாதமாக விரிவுரைகளுக்கு வரவில்லை. தகப்பனார் நோயினால் கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். படிப்பை விட்டுவிட்டுக் கட்டாருக்குப் போகப் போவதாகச் சொல்கிறான். எப்படித் தடுப்பது?

தம்பி, தடுக்கும் எண்ணத்தோடு போனால் அவர் உங்களிடம் மனம்விட்டுக் கதைக்க மாட்டார். வீட்டுக்கு மாதம் எவ்வளவு தேவை, எவ்வளவு காலத்துக்குத் தேவை, உதவக்கூடிய உறவினர் யாராவது உண்டா என்பவற்றை முதலில் கேளுங்கள். மகாபொல உதவித்தொகை 2025 வரவு செலவுத் திட்டத்தில் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது என்றாலும், அது ஒரு மாணவரின் சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்குமே போதாதபோது, உழைப்பவர் படுத்துவிட்ட வீட்டை அதைக் கொண்டு சமாளிக்கலாம் என்று அவருக்குப் புத்தி சொல்வது நியாயமாகாது.

அவருடைய முடிவு சரியாகவே இருக்கலாம்; அவர் எந்த முறையில் படிப்பிலிருந்து நிற்கிறார் என்பதில்தான் நீங்கள் பிடிவாதமாக இருக்க வேண்டும். சொல்லாமல் நின்றுவிடும் மாணவருக்கு வரவு குறைந்து பரீட்சைக்குத் தோற்றும் தகுதி போய்விடுகிறது. காலப்போக்கில் பதிவும் போய்விடுகிறது. காரணத்தை எழுதிக் கொடுத்து, கல்வியைத் தற்காலிகமாக ஒத்திவைக்க அனுமதி பெற்றவருக்கோ திரும்பி வரும் வழி இருக்கிறது. பல்கலைக்கழக அனுமதிக்காக உயர்தரப் பரீட்சையில் மூன்று தடவைகளுக்கு மேல் முயல முடியாத நம் நாட்டில், கிடைத்த இடத்தைக் கடிதம் ஒன்று எழுதாத காரணத்தால் இழப்பது மிகவும் வேதனையானது. ஆகையால் பீடத்தின் உதவிப் பதிவாளரையும் மாணவர் ஆலோசகரையும் சந்திக்கும் நாளில் நீங்களும் கூடப் போங்கள். கந்தோர் வாசலில் தனியாக நிற்கக் கூச்சப்பட்டே போகாமல் விட்ட பிள்ளைகள் பலரை நான் அறிவேன். தகப்பனாரின் வைத்திய அறிக்கைகளின் பிரதிகளையும் கிராம உத்தியோகத்தரின் கடிதத்தையும் கொண்டு செல்லுங்கள். கட்டார்ப் பயணம் உறுதியானால், முகவரிடம் கடவுச்சீட்டையோ பணத்தையோ கொடுப்பதற்கு முன், அந்த முகவருக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

உயர்தரத்தைத் தமிழில் படித்து வந்த என் தோழி, இங்கே எல்லாம் ஆங்கிலத்தில் நடப்பதால் மூன்று பாடங்களில் சித்தியடையவில்லை. தனக்குப் படிப்பு வராது, நிற்கப் போகிறேன் என்கிறாள்.

மகள், முதல் ஆண்டில் அவளைத் தோற்கடித்தது பாடமா, மொழியா என்பதைப் பிரித்தறிய அவளுக்கு உதவுங்கள். அன்றைய விரிவுரைக் குறிப்பை அன்றே இருவருமாகத் தமிழில் விளங்கிக்கொண்டு, பிறகு பழைய வினாத்தாள்களுக்கு ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். தவறிய பாடங்களை மீண்டும் எழுத முடியும். உயர்ந்த தரம் கிடைக்காமல் போகலாம், ஆனால் பட்டத்துக்கான வழி அடைபடுவதில்லை. விளங்கிய பின்பும் அந்தத் துறையில் அவளுக்கு விருப்பம் இல்லை என்றால், திருகோணமலையிலுள்ள உயர் தொழில்நுட்பவியல் நிறுவனத்தின் டிப்ளோமாக்கள், தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் தரும் பயிற்சிகள், திறந்த பல்கலைக்கழகம் ஆகியவற்றைப் பற்றி விசாரித்து, செல்லும் இடம் ஒன்று நிச்சயமான பிறகு நிற்கட்டும்.

பகிடிவதை தாங்காமல் நண்பன் விடுதியிலிருந்து வீட்டுக்குப் போய்விட்டான். முறைப்பாடு செய்ய வேண்டாம் என்கிறான்.

1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின்படி பகிடிவதை சிறைத்தண்டனைக்குரிய குற்றம் என்பதையும், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் நேரடியாகவே முறையிடலாம் என்பதையும் அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள். அவருடைய சம்மதம் இல்லாமல் அவர் பெயரில் எதையும் எழுத வேண்டாம். ஏற்கெனவே தன் விருப்பத்துக்கு மாறாக நடத்தப்பட்ட ஒருவருக்கு நீங்களும் அதையே செய்ததாகிவிடும். என்ன நடந்தது, எந்தத் திகதியில், யார் இருந்தார்கள் என்பதை அவர் எழுதி வைக்கட்டும், வந்த செய்திகளை அழிக்காமல் வைத்திருக்கட்டும். பின்னர் மனம் மாறினால் அவை பயன்படும். ஒருவர் செய்த கொடுமைக்காகப் படிப்பை இழப்பவர் அவராக இருக்கக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

படிப்பை விடுவதாகச் சொன்ன அறைத்தோழி, இப்போது வாழவே பிடிக்கவில்லை என்கிறாள். யாரிடமும் சொல்லாதே என்று கேட்டாள்.

இந்த இரகசியத்தைக் காக்க வேண்டாம். அவளைத் தனியாக விடாதீர்கள், இன்றே ஆலோசகரிடமோ வைத்தியசாலைக்கோ அழைத்துச் செல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம். உங்கள்மேல் அவள் கோபப்பட்டால் கோபப்படட்டும்.

நண்பன் படிப்பை விட்டு ஒரு கடையில் வேலை செய்கிறான். அவனுடைய அம்மா எனக்கு அழைத்து, மகன் ஒழுங்காகப் படிக்கிறானா என்று கேட்கிறார். என்ன சொல்வது?

பொய் சொல்ல வேண்டாம். உண்மையைச் சொல்ல வேண்டியவரும் நீங்கள் அல்ல. “அம்மா, அதை அவனிடமே கேளுங்கள், அவன் உங்களோடு கதைக்க வேண்டியிருக்கிறது” என்று சொல்லிவிட்டு, அன்றே நண்பரிடம் அதைத் தெரிவியுங்கள். அவர் வீட்டில் சொல்லப் பயந்தால், அந்த நாளில் உடன் போய்த் திண்ணையில் இருங்கள்; பிறத்தியார் ஒருவர் இருக்கும்போது பெரியவர்கள் சற்று நிதானித்தே கதைப்பார்கள்.

நின்றுபோனவரோடு பழையபடி பழகத் தெரியவில்லை. என்ன கதைத்தாலும் கம்பஸ் கதையாகவே போகிறது.

அவருடைய வேலையைப் பற்றிக் கேளுங்கள், உங்கள் பரீட்சைப் பெறுபேற்றையும் மறைக்காதீர்கள். அவர் ஒத்திவைப்பு அனுமதி பெற்றுச் சென்றிருந்தால், திரும்பி வர வேண்டிய திகதியை உங்கள் கைபேசியிலும் குறித்து வைத்து, இரண்டு மாதம் முன்னதாகவே மீள்பதிவு விண்ணப்பத்தைப் பற்றி அவரிடம் கேளுங்கள்.