வீட்டில் மட்டும் வரும் கோபம்

கேள்வி: எனக்குத் திடீர் திடீரென்று கோபம் வருகிறது. மனைவி, பிள்ளைகள் மீது எரிந்து விழுகிறேன். சற்று நேரத்தில் வருந்துகிறேன். பிறவிக் குணம் என்று விட்டுவிடலாமா? என்னை நானே அறிய வழி உண்டா?
- பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: பிறவிக் குணமானால் மேலதிகாரியிடமும் அது வெளிப்பட்டிருக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் மனைவியையும் பிள்ளைகளையும் தவிர வேறு யாருமே இல்லை. உங்கள் கோபத்துக்கு ஆள் பார்க்கத் தெரிந்திருக்கிறது. இதை ஒப்புக்கொள்ளாதவரை நான் சொல்லும் எதுவும் பயன்படாது.

திடீரென்று வருவதாகத் தோன்றுவதும், அதற்கு முந்தைய அரை மணி நேரத்தை நீங்கள் கவனிக்காததால்தான். ஒரு நோட்டு வாங்குங்கள். கோபப்பட்ட அன்றே எழுதுங்கள்: மணி என்ன, எதிரில் யார், கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள், முந்தைய இரவு தூங்கினீர்களா. "அவள்தான் ஆரம்பித்தாள்" என்ற வழக்காடல் அதில் வேண்டாம். சில வாரங்களில் அதே நேரம், அதே பசி, அதே பணப் பேச்சு திரும்பத் திரும்ப வருவது தெரியலாம்.

கடினமானது இனிமேல்தான். கத்துவதற்கு முந்தைய கணம் மனத்தில் ஓடியது என்ன? அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக், 1960களில் மனச்சோர்வுற்றவர்களிடம் இதைக் கண்டார்: நிகழ்ச்சிக்கும் உணர்ச்சிக்கும் நடுவே ஓர் எண்ணம் மின்னி மறைகிறது, பெரும்பாலும் அவர்களே அதைக் கவனிப்பதில்லை. மகன் டம்ளரைத் தட்டிவிடுகிறான். உங்களுக்குள் ஓடியது, "இந்த வீட்டில் யாரும் என்னை மதிப்பதில்லை" என்பதாக இருக்கலாம். தண்ணீர் சிந்தியதற்கு அந்தப் பிள்ளை ஏன் இவ்வளவு வசவு வாங்குகிறான் என்பது அப்போது புரியும்.

நோட்டுக்கும் எல்லை உண்டு. அமெரிக்க அரசியல் தலைவர் பெஞ்சமின் பிராங்க்ளின் தம்மைத் திருத்திக்கொள்ள 12 நற்குணங்களைப் பட்டியலிட்டு, தவறிய நாள்களில் கறுப்புப் புள்ளி வைத்தார். அதில் பணிவு இல்லை. "உங்களைக் கர்வி என்கிறார்கள்" என்று குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த நண்பர் ஒருவர் முகத்துக்கு நேரே சொன்ன பிறகுதான் அது 13ஆவதாகச் சேர்ந்தது. ஆகவே, நிதானமாக இருக்கும்போது மனைவியிடம் கேளுங்கள்: "எனக்குக் கோபம் வரப்போகிறது என்பது உனக்கு எதிலிருந்து தெரிகிறது?" அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். பிள்ளைகளும் சொல்வார்கள், உங்களிடம் பயம் இல்லாவிட்டால்.

கை ஓங்கும் அளவுக்குப் போயிருந்தால் நோட்டை நம்பிக் காத்திருக்காதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம். இன்றே பேசுங்கள்.