இன்ஸ்டோல் பண்ணும்போது இணையம் எதற்கு?

அன்புள்ள சேர்,
நான் எழுதும் பைதன் பக்கேஜுக்கு ஒரு பெரிய சி++ லைப்ரரி தேவை. அதன் சோர்ஸ் கோட் மட்டும் 60 எம்பி. உள்ளுக்கு வைத்தால் பக்கேஜ் ஊதிப்போகும். அதனால் இன்ஸ்டோல் பண்ணும்போது கிட்ஹப் என்ற கோட் தளத்தில் இருக்கும் அதன் மெயின் கிளையிலிருந்து இறக்கிக் கொம்பைல் பண்ண விட்டிருக்கிறேன். இப்போது எல்லாரிடமும் இணையம் இருக்கிறதுதானே? சப்மொடியூலாக, அதாவது அந்த லைப்ரரிக்கு ஒரு இணைப்பாக மட்டும், வைப்பது நல்லதா?
– கோண்டாவில் வாசகர்

தம்பி,

கோண்டாவிலில் இருந்து ஒரு பிள்ளை பக்கேஜ் எழுதி ஊருக்குக் கொடுக்க நினைப்பதே எனக்குப் பெரிய சந்தோசம். சப்மொடியூல் கதையை விடும். வசதியென்றால் வையும், ஆனால் கிட்ஹப் தானாகச் செய்துதரும் ஸிப்பில் அது வராது. "எல்லாரிடமும் இணையம் இருக்கிறதுதானே" என்றீரே, அதற்குத்தான் இந்தப் பதில்.

2022 மின்வெட்டுக் காலத்தில் சில மாணவர்களுக்குப் படிப்பித்தேன். கரண்ட் போனால் லப்டொப் பற்றரியில் ஓடும், றவுட்டர் நின்றுவிடும். இப்படித்தான் ஒரு பக்கேஜ் பாதி இறக்கியபடி நின்றது. கரண்ட் வந்து திரும்ப ஓட்டினால், கோப்பு ஏற்கெனவே இருக்கிறதென்று அந்த அரைகுறை டார் பொதிக் கோப்பையே விரிக்கப் போய்ப் பிழை காட்டியது. பாவம், பிள்ளைகள் பிழை தங்களுடையது என்று நினைத்து, தாங்கள் எழுதியதையே திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டிருந்தார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதிலும் நாளுக்கு நாள் மாறுகிற மெயின் கிளை! இன்றைக்கு இறங்குவது நாளைக்கு இறங்காது. ஒருவர் பிழை என்று எழுதினால், அவரிடம் எந்தக் கோட் இருக்கிறதென்று உமக்கே சொல்ல ஏலாது. 2016இல் லெஃப்ட்-பேட் என்ற 11 வரி நிரலை அதன் ஆசிரியர் ஜாவாஸ்கிரிப்ட் பக்கேஜ்கள் கிடைக்கும் என்பிஎம் தளத்தில் இருந்து நீக்கினார். அதை நம்பியிருந்த பேபல் போன்ற பெரிய மென்பொருள் திட்டங்களே இன்ஸ்டோல் ஆகாமல் நின்றன. பக்கேஜ் கட்டும்போது இணையத்தைத் தொடக்கூடாது என்று டெபியன் என்ற லினக்ஸ் அமைப்பு விதி வைத்திருப்பது சும்மாவா?

உள்ளுக்கே வையும். டெஸ்ட், ஆவணம், உதாரணங்களைக் கழித்தால் 60 எம்பி நன்றாகச் சுருங்கும். பைதன் பக்கேஜ்களை வெளியிடும் பைபிஐ தளம் ஒரு கோப்புக்கு 100 எம்பி வரை விடுகிறது. பதிப்பு இலக்கம், கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்கும் ஷா-256 குறியீடு, உரிமக் கோப்பு மூன்றும் கூட இருக்கட்டும். கணினியில் அந்த லைப்ரரி ஏற்கெனவே இருந்தால் அதைப் பாவிக்கவும் வழி விடும்.

ஆனால் உள்ளுக்கு எடுத்தால் பொறுப்பும் உம்முடையது. 2002இல் ஸெட்லிப் என்ற தரவு சுருக்கும் லைப்ரரியில் பாதுகாப்பு ஓட்டை கண்டபோது, அதன் பிரதியை வைத்திருந்த மென்பொருள்களைத் தனித்தனியே திருத்த வேண்டிவந்தது. அந்த லைப்ரரியின் பாதுகாப்பு அறிவித்தல்கள் உமக்கு வர இன்றைக்கே ஒழுங்கு செய்யும். பிறகு புதுப் பதிப்பை எனக்கு அனுப்பும், பார்க்கிறேன்.