இரட்டை எண்கள் பாதியா, சமமா? சுங்கை சிப்புட் அன்பருக்குப் பதில்

வணக்கம் ஐயா. 1, 2, 3 என்று நீளும் எல்லா எண்களும், அவற்றுள் இரட்டை எண்கள் மட்டும் சேர்ந்ததும் அளவில் சமம் என்று ஆசிரியர் சொன்னதை, ஐந்தாம் படிவத்தில் படிக்கும் மகளுக்கு எப்படி விளக்குவது என்று கேட்டிருந்தீர்கள். ரப்பர் மரத்துக்கு ஒரு மங்கு (பால் வடியும் கிண்ணம்) கட்டியிருந்தால், பால்மரங்களையும் மங்குகளையும் எண்ணாமலேயே இரண்டும் சமம் என்று நம் தோட்டத்துக் கங்காணி சொல்லிவிடுவார் அல்லவா. அதேபோல் 1-க்கு 2, 2-க்கு 4, 3-க்கு 6 என்று இணைத்துக்கொண்டே போனால் எந்தப் பக்கமும் எதுவும் மிஞ்சுவதில்லை. ஆனால் பின்னங்கள், √2 போன்றவை எல்லாம் அடங்கிய மெய்யெண்களை 1, 2, 3 என்ற எண்களோடு இப்படி இணைக்க முடியாது என்று ஜெர்மன் கணித அறிஞர் கியோர்க் கேன்டர் 1874-இல் நிறுவினார். எந்தப் பட்டியல் போட்டாலும் சில விடுபட்டே தீரும். இயற்கையில் முடிவிலி, அதாவது முடிவே இல்லாத அளவு, உண்டா என்பது வேறு வழக்கு. இல்லை என்றே 1925-இல் ஜெர்மன் கணித அறிஞர் ஹில்பர்ட் வாதிட்டார். நானும் அவர் பக்கம்தான். எனினும், மனத்தில் படமாக விரியாத ஒன்றைப் புரிந்துகொள்ளவே முடியாது என்று மகளிடம் சொல்லிவிடாதீர்கள். அந்த இணைப்பை அவரே தாளில் பத்து வரி எழுதிப் பார்க்கட்டும்.